ரிப்போர்ட்டில் ஒரு நட்சத்திரம்: கொழுப்பு மாத்திரை யாருக்கு?

சென்னையில் இரண்டு தெருவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் வந்துவிட்டது. காலை ஆறரைக்கே வீட்டுக்கு ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போகிறார். மதியச் சாப்பாட்டுக்குள் வாட்ஸ்ஆப்பில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. அதில் எத்தனை வரி இருந்தாலும் கண் முதலில் போய் நிற்பது நட்சத்திரக் குறி போட்ட வரியில்தான். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 142, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அன்று இரவே குடும்பக் குழுவில் பட்டிமன்றம் தொடங்கும். "ஆரம்பிச்சிடும்மா, நான் பத்து வருஷமா போட்டுட்டுதான் இருக்கேன்" என்பார் சித்தப்பா. "அதெல்லாம் ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாது, பூண்டு சாப்பிடு, ஓட்ஸ் சாப்பிடு" என்பார் அத்தை. இருவரும் சண்டை போடுவது அந்த ஒற்றை எண்ணை வைத்து. அந்த நட்சத்திரத்தின் மேல் எனக்கு நெடுநாளாக மனத்தாங்கல் உண்டு. அதைப் போடும் கணினிக்கு உங்கள் வயது தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியும், ஆனால் இரண்டையும் அது கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள் பீடி குடிப்பவரா, பிரஷர் எவ்வளவு, அப்பாவுக்கு எந்த வயதில் நெஞ்சுவலி வந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. தெரியாமலே ஆயுள் முழுக்கப் போடும் ஒரு மாத்திரைக்கு அது பிள்ளையார் சுழி போட்டுவிடுகிறது. அதைவிட மோசம், வேறு சிலரைத் தைரியமாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர், பக்கவாதம் கண்டவர் இதைப் படித்துவிட்டு மாத்திரையில் கை வைக்க வேண்டாம். அவர்களுக்கு ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்பு மாத்திரை வேண்டுமா என்ற வழக்கு 1994-இல், 4,444 பேரை வைத்து நடந்த ஸ்காண்டிநேவிய ஆய்வோடு முடிந்துவிட்டது. நான் பேசுவது இதுவரை ஒன்றும் வராதவர்களைப் பற்றி. மாஸ்டர் செக்கப் முடித்துவிட்டு, கையில் மருந்துச் சீட்டோடு, போடுவதா வேண்டாமா என்று யோசிப்பவர்களைப் பற்றி.

இரண்டு ரிப்போர்ட்டுகள்

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் அடையாறில் இருக்கும் 44 வயதுப் பெண். மொத்தக் கொலஸ்ட்ரால் 216, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 52, இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 110. பெரும்பாலான லேப்கள் எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் 216-இலிருந்து 52-உம் 22-உம் போக 142. நட்சத்திரம் உறுதி. பிரஷர் 116/74, சுகர் இல்லை, புகை இல்லை. இரண்டாமவர் பெரம்பூரில் இருக்கும் 52 வயது ஆண். மொத்தம் 194, எச்.டி.எல். 34, டிரைகிளிசரைடு 210. கணக்குப்படி எல்.டி.எல். 118. எல்லையை 130-இல் வைத்திருக்கும் லேப்பில் அந்த வரிக்கு நட்சத்திரம் விழாது. மொத்தமும் 200-க்குக் கீழே. எச்.டி.எல்., டிரைகிளிசரைடு வரிகளில் குறி இருக்கும். ஆனால் 'கெட்ட கொழுப்பு நார்மல்' என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவற்றை யார் பார்க்கிறார்கள்? அவருக்கு பிரஷர் மாத்திரை போட்டும் மேல் எண் 146. சிகரெட் உண்டு. சுகர் இன்னும் வரவில்லை.

மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐ மட்டும் கழித்துப் பாருங்கள். பெரம்பூர்க்காரருக்கு 160, அடையாறு அம்மாவுக்கு 164. ரத்தக் குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய கொழுப்பு இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றேதான். (டிரைகிளிசரைடு ஏறியிருக்கும்போது எல்.டி.எல்.-ஐவிட இந்த எண்தான் நம்பகமானது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கழித்தல் கணக்கில் வரும் எல்.டி.எல். பயனற்றது.) இப்போது இருவரின் விவரங்களையும் அமெரிக்க இதயச் சங்கங்கள் 2013-இல் வெளியிட்ட பத்து ஆண்டு அபாயக் கணக்கியில் போட்டால், அடையாறு அம்மாவுக்கு அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. பெரம்பூர்க்காரருக்கு 17 சதவீதத்தை ஒட்டி. ஏறத்தாழ இருபது மடங்கு வித்தியாசம். நட்சத்திரம் விழுந்தது அம்மாவுக்கு.

இந்த முழு விஷயமும் திரும்புவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஸ்டாட்டின் ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த கணக்கு: எல்.டி.எல். சுமார் 39 மி.கி. இறங்கினால் பெரிய இதய, மூளை ரத்தக்குழாய் பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், சுமார் 22 சதவீதம், குறைகின்றன. இந்த விகிதம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது, எதன் மேல் 22 சதவீதம் என்பது. ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. எல்.டி.எல்.-ஐ ஏறத்தாழ 40 சதவீதம் இறக்கும். பெரம்பூர்க்காரருக்கு 47 புள்ளி இறங்குகிறது, அபாயம் நாலில் ஒரு பங்கு குறைகிறது, 17 என்பது 13-ஐ ஒட்டி வருகிறது. அவரைப் போன்ற 100 பேர் பத்து ஆண்டுகள் போட்டால் நாலு பேருக்கு வரவேண்டியது வராமல் போகும். அடையாறு அம்மாவுக்கு 57 புள்ளி இறங்கும். அவரைவிட அதிகம்தான். ஆனால் 0.8 என்பது 0.6-க்குக் கீழே போகும், அவ்வளவுதான். அவரைப் போன்ற 400 பேர் பத்து ஆண்டுகள் விழுங்கினால் ஒருவருக்குப் பயன். மருந்துக் கம்பெனி விளம்பரம் இரண்டு பேரிடமும் 'கால்வாசிக்கு மேல் அபாயம் குறையும்' என்றே சொல்லும். இரண்டிலும் அது பொய்யில்லை.

அதே கணக்கியில் இன்னொரு காரியம் செய்து பார்க்கலாம். பெரம்பூர்க்காரரின் சிகரெட்டை மட்டும் 'இல்லை' என்று மாற்றினால் 17 என்பது 9-க்குக் கீழே இறங்குகிறது. இன்று விட்டால் நாளைக்கே இறங்காது, சில ஆண்டுகள் ஆகும். ஆனாலும் மாத்திரை தருவதைவிட இரண்டு மடங்குக்கு மேல். சீட்டு எழுதும் அவசரத்தில் இந்த வரி விட்டுப்போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய குறை.

ஒன்றுமே வராதவர்களுக்கு ஸ்டாட்டின் வேலையே செய்யாது என்று பேசும் யூடியூப் மருத்துவர்களுக்கும் பதில் உண்டு. 1995-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில் 6,595 ஆண்கள். அவர்களின் சராசரி எல்.டி.எல். 190-ஐ ஒட்டி இருந்தது. ஐந்து ஆண்டுகளில் மாரடைப்போ இதய நோய் மரணமோ மருந்தில்லாத வெறும் மாத்திரைக் குழுவில் 7.9 சதவீதம், பிரவாஸ்டாட்டின் குழுவில் 5.5. இந்தியா உட்பட 21 நாடுகளில் 12,705 பேரை வைத்து நடந்து 2016-இல் வெளியான ஹோப்-3 ஆய்வில், நடுத்தர அபாயம் உள்ளவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. கொடுத்தார்கள். ஐந்தரை ஆண்டுகளில் பெரிய இதய, மூளை ரத்தக்குழாய் பாதிப்பு 4.8 சதவீதம் என்பது 3.7 ஆனது. மருந்து வேலை செய்கிறது. ஒன்றுக்குச் சற்று மேலான அந்தச் சதவீதம் உங்களுக்குப் பெரியதா சிறியதா என்பதுதான் கேள்வி. அதற்கு ஆய்வு பதில் சொல்லாது.

கணக்கே தேவைப்படாதவர்கள்

சிலருக்கு இந்தக் கணக்கியைத் திறக்கவே வேண்டாம். எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் அது சாப்பாட்டுக் கோளாறு என்று நினைக்கக் கூடாது, பரம்பரைக் கொழுப்பு என்று சந்தேகிக்க வேண்டும். 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம், குதிகால் தசைநார் தடித்திருப்பது, வீட்டில் இளவயது மாரடைப்பு இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அவருக்கு மாத்திரை எழுதுவதோடு வேலை முடியாது. கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டும் குடும்பங்களில் இது இரட்டிப்பு முக்கியம். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் அந்த மரபணு வந்து சேர்ந்த பிள்ளைக்குப் பத்து வயதுக்குள்ளேயே குழாய் அடைக்கத் தொடங்கலாம்.

சுகர் இருந்து 40-ஐத் தாண்டியவர்களுக்கும் பேச்சில்லை. சுகருக்கு மெட்ஃபார்மின் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, 'எனக்குக் கொலஸ்ட்ரால் நார்மல்தானே' என்று ஸ்டாட்டினை மட்டும் நிறுத்திவிடுபவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களுக்கு அதை எழுதியது கொலஸ்ட்ராலுக்காக மட்டுமல்ல, சுகர் கூட்டும் இதய அபாயத்துக்காகவும்.

நம் உடம்புக்கு எழுதாத கணக்கு

2013-இன் அந்தக் கணக்கி அமெரிக்க மக்களை வைத்துச் செய்தது. தெற்காசியருக்கென்று அதில் தனிக் கட்டம் இல்லை. 52 நாடுகளின் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது தெற்காசியருக்கு 53, மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. ஆறு வருடம் முன்னதாக. பிரிட்டனின் கியூரிஸ்க்-3 கணக்கியில் 'இந்தியர்' என்று தனியாகத் தேர்வு செய்யலாம் என்பதால் நம்மவர்களுக்கு அதை நான் கூடுதலாக நம்புவேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெற்காசியாவுக்கென்று தனி அட்டவணையும் வெளியிட்டது. எதில் போட்டாலும் வரும் எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாமல், 5 முதல் 20 சதவீதம் வரை வந்தால் இன்னும் விசாரிக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

நம் ஊர்க் கொழுப்பின் சாயலும் வேறு. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பு முன்நின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். 'இந்தியாப்' (INDIAB) ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் நூற்றுக்கு 81 பேருக்கு ஏதோ ஒரு கொழுப்புக் கோளாறு என்ற எண் செய்தித்தாள்களில் அமளிதுமளிப்பட்டது. உள்ளே பார்த்தால் எல்.டி.எல். ஏறியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். அந்த எண்ணை ஊதிப் பெரிதாக்கியது எச்.டி.எல். குறைவு. மூன்றில் இரண்டு பேருக்கு அது இருந்தது. குறைந்த எச்.டி.எல்., ஏறிய டிரைகிளிசரைடு, சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டிருக்கும் வயிறு என்று பெரம்பூர்க்காரரின் ரிப்போர்ட்தான் நம் ஊர் ரிப்போர்ட். நட்சத்திரம் பெரும்பாலும் அதைத்தான் தவறவிடுகிறது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எச்.டி.எல். நீங்கிய கொலஸ்ட்ராலையும் பார்க்கச் சொல்கிறது. சாதாரணமானவர்களுக்கு எல்.டி.எல். 100-க்கும் அந்த எண் 130-க்கும் கீழே, சுகரோ பிரஷரோ உள்ள அதிக அபாயக்காரர்களுக்கு 70-க்கும் 100-க்கும் கீழே என்பது இலக்கு. 100-க்குக் கீழே என்றதும் 104 வந்தவர் எல்லாம் மாத்திரைக்கு ஓட வேண்டும் என்று அர்த்தமில்லை. அது எல்லாருக்கும் நல்லது என்ற எண், மருந்து தொடங்கும் எண் அல்ல.

5 முதல் 20 சதவீதம் என்ற அந்த நடுப்பகுதியில் விழுந்தவருக்கு என் கையில் இருக்கும் நல்ல கருவி கால்சியம் ஸ்கோர் ஸ்கேன். ஊசி மருந்து கிடையாது, சில நிமிடங்களில் முடியும், கதிர்வீச்சும் குறைவு. இதயக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று எண்ணிச் சொல்லும். பூஜ்யம் என்றால், சிகரெட், சுகர், இளவயதுக் குடும்ப வரலாறு மூன்றும் இல்லாதவர் மாத்திரையைத் தள்ளிப்போட்டுவிட்டுச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். 100-ஐத் தாண்டினால் தொடங்குவது நல்லது. இடைப்பட்டது வந்தால், 55 வயதைத் தாண்டியவர்களுக்குத் தராசுத் தட்டு மாத்திரைப் பக்கம் சாயும். மாஸ்டர் செக்கப்பில் வரும் டிரெட்மில் சோதனையை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிக்கு மேல் அடைத்த பிறகுதான் அது பொதுவாக வாய் திறக்கும். மாரடைப்பைக் கொண்டுவரும் படிவுகளில் பல அதைவிடச் சின்னவை. மாத்திரை போடத் தொடங்கிய பிறகு வருஷா வருஷம் கால்சியம் ஸ்கோர் எடுத்து 'ஏறிப்போச்சே' என்று பதறுவதும் வீண். ஸ்டாட்டின் படிவை இறுக்கிச் சுண்ணாம்பாக்குவதால் அந்த எண் ஏறத்தான் செய்யும்.

எனக்கே தீராத ஒரு வழக்கு

இவ்வளவு நேரம் பத்து ஆண்டு அபாயத்துக்கு வக்காலத்து வாங்கினேன். அதே கணக்கு என்னைக் கைவிடும் இடமும் இருக்கிறது. ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் 38 வயதுக்காரர் ஒருவர். எல்.டி.எல். 165, அப்பாவுக்கு 49-இல் மாரடைப்பு. பத்து ஆண்டு அபாயம் என்று கேட்டால் கணக்கிகள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் சொல்லும். வயதுதான் அந்தக் கணக்கின் முதுகெலும்பு, அவருக்கு வயது இல்லை. ஆனால் கொழுப்பு குழாயில் படிவது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை. எவ்வளவு உயரம் என்பதோடு எத்தனை வருடம் என்பதையும் பெருக்க வேண்டும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறவியிலேயே பி.சி.எஸ்.கே.-9 மரபணு பழுதாகி எல்.டி.எல். வெறும் 28 சதவீதம் குறைவாக இருந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு இதய நோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது. ஐம்பதில் தொடங்கும் எந்த மாத்திரையும் தராத பலன் அது. அப்படியானால் முப்பதுகளிலேயே எல்லாருக்கும் கொடுத்துவிடலாமா? முப்பது வருடம் மாத்திரை போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு கிடையாது. அதனால்தான் இந்த வழக்கு எனக்கு இன்னும் தீரவில்லை.

தீராவிட்டாலும் முடிவு சொல்லித்தானே ஆக வேண்டும். இவருக்கு முதலில் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ரத்தப் பரிசோதனை. அது பரம்பரையில் வருவது, சாப்பாட்டுக்கோ நடைக்கோ அசையாது என்பதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். 50 மி.கி.-ஐ (வேறு அலகில் கொடுக்கும் லேப்பில் 125 நானோமோலை) தாண்டினால் அபாயம் கூடுதல். நம்மவர்களில் நாலில் ஒருவருக்கு அப்படி இருக்கும். அது ஏறியிருந்தால் 38-இலேயே குறைந்த அளவில் தொடங்குவதை நான் ஆதரிப்பேன். அது சரியாக இருந்து, சிகரெட் இல்லாமல், சாப்பாட்டில் இடமிருந்தால் ஆறு மாதம் அவகாசம் தரலாம். 40 வயதுக்குள் கால்சியம் ஸ்கோர் பூஜ்யம் வந்தால் அதை வைத்து நிம்மதி அடையக் கூடாது. அந்த வயதில் படிவு இன்னும் மிருதுவாகவே இருக்கும்.

அந்த ஆறு மாதத்தில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். ரேஷன் பாமாயிலை விட்டுக் கடலை எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ மாறுவது, நெய்ப் பொங்கலும் வடையும் தினசரி என்பதை வாரத்துக்கு ஒன்று ஆக்குவது, பருப்பும் கீரையும் கூட்டுவது எல்லாம் சேர்ந்தால் எல்.டி.எல். 10 முதல் 15 சதவீதம் இறங்கும். 165 என்பது 140-க்கு வரும், 100-க்கு வராது. டிரைகிளிசரைடு வேறு கதை. வெள்ளைச் சோற்றின் அளவு, இனிப்பு, சனிக்கிழமைக் குடி மூன்றையும் குறைத்தால் அது சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரிய இறங்கும். மெரினாவிலோ நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ நடப்பது பிரஷருக்கும் சுகருக்கும் பிரமாதம், எல்.டி.எல்.-க்கு அவ்வளவாக இல்லை. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்தும் எல்.டி.எல். அசையவில்லையே என்று நொந்துபோகிறவர்கள் உடம்பை நோகக் கூடாது.

அட்டையைப் பிரிப்பதற்கு முன்

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துத் தொடங்காதீர்கள். கொலஸ்ட்ரால் ஒரே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். காய்ச்சல் வந்து எழுந்த சமயத்தில் எடுத்தால் பொய்யாகக் குறைந்திருக்கும். மழைக்கால டெங்கு முடிந்த கையோடு எடுத்த ரிப்போர்ட்டை நம்பாமல் ஒன்றரை மாதம் கழித்து எடுங்கள். அடுத்தது தைராய்டு. டி.எஸ்.ஹெச். ஏறியிருந்தால் எல்.டி.எல்.-உம் ஏறும், தைராய்டு மாத்திரையிலேயே அது இறங்கிவிடும். தைராய்டு குறைவைக் கவனிக்காமல் ஸ்டாட்டின் கொடுத்தால் தசைவலியும் சுலபமாக வரும். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு இதைப் பார்க்காமல் மாத்திரை எழுதுவது அரைவேலை. எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் பரிசோதனை, மூன்று மாத சராசரிச் சுகர் இரண்டையும் தொடங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்து வைத்தால், பிற்பாடு ஏறியது மாத்திரையாலா முன்பே இருந்ததா என்ற சண்டை வராது. ஈரல் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்திருப்பது ஸ்டாட்டினுக்குத் தடையல்ல. எஸ்.ஜி.பி.டி. மேல் எல்லையைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும். குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் தொடங்கவே வேண்டாம்.

அளவு விஷயத்தில் நம் ஊரில் தாராளம் அதிகம். ரோசுவாஸ்டாட்டின் ஆசியர்களின் ரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏறுவதால், அமெரிக்க மருந்துக் குறிப்பே அவர்களுக்கு 5 மி.கி.-இல் தொடங்கச் சொல்கிறது. ஒன்றும் வராதவருக்கு 5 மி.கி. ரோசுவாஸ்டாட்டின், அல்லது 10 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின் பொதுவாகப் போதும். அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும், தொந்தரவு மட்டும் கூடும். இன்னும் இறக்க வேண்டும் என்றால் எசிட்டிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மருந்தை 10 மி.கி. சேர்ப்பது புத்திசாலித்தனம். இந்த இரண்டு ஸ்டாட்டினையும் காலையோ இரவோ, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ எப்போது வேண்டுமானாலும் போடலாம். மறக்காத நேரமே நல்ல நேரம்.

அட்டையில் மாத்திரைப் பெயருக்குப் பின்னால் வரும் வால் எழுத்தைக் கட்டாயம் படியுங்கள். 'ஏவி', 'கோல்டு', 'எஃப்' என்று ஏதாவது இருந்தால் அதற்குள் இரண்டு மூன்று மருந்து இருக்கிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்த மாத்திரை ஸ்டென்ட் வைத்தவருக்கானது. ஒன்றும் வராதவருக்கு ஆஸ்பிரினால் வரும் ரத்தக்கசிவு பயனைத் தின்றுவிடுகிறது என்று 2018-இல் மூன்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனாலும் 'இதயத்துக்கு நல்லது' என்று அந்த அட்டை பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கும் நிலையில்தான் இருக்கிறது. 'எஃப்' வால் ஃபெனோஃபைப்ரேட். டிரைகிளிசரைடு 200 வந்ததற்கெல்லாம் அது தேவையில்லை.

தோல் மருத்துவரிடம் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை யாரும் சொல்வதில்லை. சென்னை வியர்வையில் படர்தாமரை இப்போது வீட்டுக்கு வீடு. அதற்கு வாரக்கணக்கில் எழுதும் இட்ராகோனசோல், அட்டோர்வாஸ்டாட்டினை ரத்தத்தில் மூன்று மடங்கு வரை ஏற்றிவிடும். அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி.-க்கு மேல் போடுபவர் அதோடு சேர்க்கக் கூடாது. சிம்வாஸ்டாட்டின் என்றால் சேர்க்கவே கூடாது. சளி, இருமலுக்கு எழுதும் கிளாரித்ரோமைசினுக்கும் இதே விதி. அந்த நாட்களுக்கு ஸ்டாட்டினை நிறுத்திவைக்கலாமா என்று எழுதியவரிடம் கேளுங்கள். சில வாரம் இடைவெளி விட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தத் தகராறு குறைவு. அதற்கு வேறொரு எதிரி: அலுமினியம், மெக்னீசியம் கலந்த வயிற்று எரிச்சல் திரவம். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் பாதி மருந்து உடம்பில் சேராது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து அதைக் குடிக்கலாம்.

கால்வலியும் சுகரும்

ஸ்டாட்டினை நிறுத்துபவர்கள் சொல்லும் முதல் காரணம் உடம்புவலி. 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. வலியால் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு 12 புட்டிகள் கொடுத்தார்கள். நாலில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி., நாலில் வெறும் மாத்திரை, நாலு காலி. மாதம் ஒரு புட்டி. தினமும் தொல்லைக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். காலிப் புட்டி மாதங்களில் 8, வெறும் மாத்திரை மாதங்களில் 15.4, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வலி நிஜம்தான், யாரும் நடிக்கவில்லை. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்பிலிருந்தே வந்தது. பங்கேற்றவர்களில் பாதிப் பேர் திரும்பவும் ஸ்டாட்டினைத் தொடங்கினார்கள். நிஜமான ஸ்டாட்டின் வலி தொடங்கிய சில வாரங்களுக்குள் இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் ஒருசேர வரும். ஒற்றை முழங்காலும் குதிகாலும் இந்தக் கணக்கில் சேராது. அப்படி இரண்டு பக்கமும் வந்தால், தசைப் பாதிப்பைக் காட்டும் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை பார்த்து, இரண்டு முதல் நாலு வாரம் நிறுத்தி, வலி போகிறதா என்று பார்த்து, குறைந்த அளவில் அல்லது வேறு ஸ்டாட்டினில் திரும்பத் தொடங்கலாம். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது மிக மிக அபூர்வம்.

சுகர் விஷயம் கற்பனையில்லை. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2010-இன் கணக்கில், 255 பேர் நாலு ஆண்டுகள் ஸ்டாட்டின் போட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சுகர் வருகிறது. பெரும்பாலும் ஏற்கெனவே விளிம்பில் இருப்பவர்தான் தாண்டுகிறார். பெரம்பூர்க்காரருக்கு இந்த விலை கொடுக்கலாம். 400-இல் ஒருவருக்குத்தான் பயன் என்ற நிலையில் இருக்கும் அடையாறு அம்மாவுக்கு, சராசரிச் சுகர் 6.2 என்று வேறு வந்திருந்தால், நான் மாத்திரையை எடுத்து உள்ளே வைத்துவிடச் சொல்வேன்.

'இங்கிலீஷ் மருந்து, கெமிக்கல்' என்ற ஆட்சேபத்துக்கு ஒரு சின்னத் தகவல். ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து 1973-இல் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தது பென்சிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையிலிருந்து, அதுவும் ஓர் அரிசிக் கடையில் கிடைத்த மாதிரியிலிருந்து. 'ஆரம்பிச்சா நிறுத்த முடியாது' என்ற அத்தைக்கும் பதில்: தாராளமாக நிறுத்தலாம். உடம்பு அதற்குப் பழகிப்போவதில்லை. சில வாரங்களில் கொலஸ்ட்ரால் பழைய இடத்துக்கு வரும், அதோடு பழைய அபாயமும் வரும்.

தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒருமுறை கொழுப்பைப் பாருங்கள். இப்போது நட்சத்திரத்தைப் பார்க்காமல், முந்தைய எண்ணிலிருந்து எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி.-க்கு 118 என்பது 70-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். 112 என்று வந்திருந்தால் அளவைக் கூட்டும் முன் அட்டையை எடுத்து எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் வயிற்று எரிச்சல் மருந்து, தைராய்டு என்ற வரிசையில் விசாரிக்கலாம்.